‘தாலுகா ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க’ என்பது விடையாகாது

காவிரிப் படுகையில் அரசாங்கத்தைப் பற்றிய கேள்வி எழாத வீடு இருக்க முடியாது. மேட்டூரில் தண்ணீர் எப்போது திறப்பார்கள், சம்பா பயிருக்குக் காப்பீடு செய்யக் கடைசித் தேதி எது, கொள்முதல் நிலையத்தில் எவ்வளவு ஈரப்பதம் வரை நெல்லை எடுத்துக்கொள்வார்கள், மடத்து மனையில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவருக்குப் பட்டா உண்டா, அம்மாவுக்கு வந்துகொண்டிருந்த முதியோர் உதவித்தொகை ஏன் நின்றுபோனது என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. இவற்றை மக்கள் டீக்கடையில் கேட்கிறார்கள், கூட்டுறவு சங்கத்து வாசலில் கேட்கிறார்கள், ஜெராக்ஸ் கடைக்காரரிடமும் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு மனு எழுதுபவரிடமும் கேட்கிறார்கள். இப்போது வாட்ஸ்அப் குழுவிலும் கேட்கிறார்கள். கடைத்தெருவிலேயே இருக்கும் கிளை நூலகத்தில் நுழைந்து கேட்பவர் அரிது. அதற்காக மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே கேட்டுப் பார்த்தவர்களுக்கு அங்கே என்ன கிடைத்தது என்பதில்தான் காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

டெல்டாவில் ஒரு கல்லூரி நூலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மாலை வேளைகளில் அக்கம்பக்கத்து ஊர்களின் கிளை நூலகங்களில் போய் உட்காருவது இன்றும் தொடர்கிறது. நாளிதழைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே நூலகரின் மேசைக்கு வரும் கேள்விகள் காதில் விழும். தொழில் பழக்கத்தால் அவற்றைக் கவனிக்காமல் இருக்க முடிவதில்லை. நாவல் கேட்டு வருபவருக்காக எழுந்துபோய் அலமாரி அலமாரியாகத் தேடி எடுத்துத் தரும் அதே நூலகர், அரசுத் திட்டம் ஒன்றைப் பற்றிக் கேட்டால், “அது தாலுகா ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க” என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுகிறார். அவர் அலட்சியமானவர் அல்லர். அரசு பற்றிய கேள்விக்கு விடை சொல்வது தம் வேலை என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். ஆனால் கேட்டவரின் நிலையிலிருந்து பார்த்தால், அந்தப் பதில் கதவை அடைப்பதற்குச் சமம். தாலுகா அலுவலகத்தில் புரியும்படி விடை கிடைத்திருந்தால் அவர் நூலகத்துப் படி ஏறியிருக்கவே மாட்டார்.

நூலகம்தான் இதற்குரிய இடம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மனு எழுதித் தருபவருக்கு மனு எழுதினால்தான் வருமானம் என்பதால், மனுவே தேவைப்படாத கேள்விக்கும் அவர் மனு எழுதுவார். இடைத்தரகரின் பிழைப்பே விதியைத் தெரியாதவர் இருப்பதில்தான் நடக்கிறது. அலுவலகத்துக்கோ, எதிரில் நிற்பவர் ஒரு விண்ணப்பதாரர். அவருடைய கேள்வி ஒரு கோப்பாக மாறும். நூலகருக்கு இந்த விவகாரத்தில் வரவும் இல்லை, இழப்பும் இல்லை. கேட்டவருக்குப் பணம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், விதி என்ன சொல்கிறது என்பதை அப்படியே எடுத்துக் காட்டக்கூடியவர் ஊரில் அவர் ஒருவரே. அந்தப் பற்றற்ற நிலை நூலகத்தைத் தவிர வேறெங்கும் இலவசமாகக் கிடைப்பதில்லை.

நூலகத் துறையை இந்தியாவில் நிலைநிறுத்திய எஸ்.ஆர். அரங்கநாதன் 1892இல் சீர்காழியில் பிறந்தவர் என்பதை நம் பக்கத்தில் பெருமையோடு சொல்வார்கள். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் அவர். 1931இல் வெளியான அவருடைய ஐந்து நூலகவியல் விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டுவண்டியில் நூலகம் கிளம்பி, சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்குப் புத்தகம் கொண்டுபோனது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியதிலும் அரங்கநாதனின் கை இருந்தது. இவையெல்லாம் விழா மேடைகளில் தவறாமல் நினைவுகூரப்படுகின்றன. அவர் எவ்வளவோ பக்கங்கள் ஒதுக்கி எழுதிய குறிப்புதவிப் பணியை மட்டும் மேடையில் யாரும் நினைப்பதில்லை. வாசகரின் கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்டு, உடனே சொல்லக்கூடிய விடையையும் நாள்கணக்கில் தேடித் தர வேண்டிய விடையையும் பிரித்தறிந்து, ஆளுக்கு ஆள் செய்யும் சேவையாக அவர் அதைக் கருதினார். இன்று நம் மாவட்டங்களில் குறிப்புதவிப் பிரிவு என்று பலகை தொங்கும் அறைக்குள் போனால், டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் பிள்ளைகள் தங்கள் சொந்தப் புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அந்த இடம் வேண்டும்; அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் மேசையும் மின்விசிறியும் தருவது ஒரு சேவை, கேள்விக்கு விடை தேடித் தருவது வேறொரு சேவை.

நல்ல குறிப்புதவிப் பணி எப்படி இருக்கும் என்பதை ஒருமுறை மிக அருகில் பார்த்தேன். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மாலை. அறுபதைக் கடந்த ஒருவர் குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்து, இளம் வயதுப் பெண்ணான நூலகரிடம் கேட்டார்.

“ஏம்மா, அடங்கல் பத்தி ஏதாச்சும் பொஸ்தகம் இருக்கா?”

எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று கிராமத்தில் எழுதிவைக்கும் வருவாய்க் கணக்குதான் அடங்கல். இல்லை என்று சொல்லியிருந்தால் அது உண்மையான பதிலாகவே இருந்திருக்கும். அந்த நூலகத்தில் அப்படி ஒரு புத்தகம் கிடையாது. அவர் அப்படிச் சொல்லவில்லை.

“எதுக்குங்கய்யா வேணும்? பேங்க் லோனுக்கா?”

“லோனு இல்லம்மா. இன்சூரன்ஸ் கட்டணும். அதுக்கு அடங்கல் வாங்கியாரச் சொல்றாங்க, ஆபீஸ்ல தரமாட்டேங்குறாங்க.”

“நெலம் உங்க பேர்லதாங்க இருக்கு?”

பெரியவர் சுற்றும்முற்றும் பார்த்தார். நாளிதழ் மேசையில் நாலைந்து பேர் இருந்தோம். நூலகர் அதைக் கவனித்துவிட்டு, கம்ப்யூட்டர் இருந்த மூலைக்கு அவரை அழைத்துப்போய் உட்கார வைத்தார். நான் அருகிலேயே இருந்ததால் மீதியும் கேட்டது. “சொந்தம் இல்லம்மா. அப்பா காலத்துலேந்து குத்தகை. சாகுபடி பண்றது நாந்தான்.”

அவருடைய கேள்வி புத்தகத்தைப் பற்றியது அல்ல, அடங்கலைப் பற்றியதும் அல்ல. குத்தகைக்குச் சாகுபடி செய்பவர் பயிர்க் காப்பீடு செய்யலாமா, செய்யலாம் என்றால் எந்தக் காகிதத்தைக் காட்டி, எந்தத் தேதிக்குள், எங்கே என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. 1968இல் அமெரிக்க நூலகவியல் அறிஞர் ராபர்ட் டெய்லர் இதைத்தான் விளக்கினார்: வாசகர் நூலகரிடம் வந்து சொல்லும் முதல் வாக்கியம், அவருடைய தேவை பலமுறை சுருங்கி, நூலகத்தில் என்ன கிடைக்கும் என்று அவரே ஊகித்து, அதற்கேற்பத் திருத்திக்கொண்ட வடிவம். புத்தகம் கிடைக்கும் இடம் என்பதால் பெரியவர் புத்தகம் கேட்டார். அரசு தொடர்பான கேள்விகளில் இந்தச் சுருக்கம் இன்னும் கூடுதலாக நிகழும். தமக்கு உரிமை உண்டா என்ற ஐயமும், கேட்பதே தவறாகிவிடுமோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்கின்றன.

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016இல் வந்தது. அதன் வழிகாட்டு நெறிமுறைகள், அறிவிக்கை செய்யப்பட்ட பகுதியில் அறிவிக்கை செய்யப்பட்ட பயிரைச் சாகுபடி செய்யும் குத்தகை விவசாயிகளும் பங்குச் சாகுபடியாளர்களும் சேரலாம் என்று தெளிவாகச் சொல்கின்றன. அந்தப் பத்தியை நூலகர் திரையில் காட்டிப் படித்துச் சொன்னார். அடுத்து, அந்தப் பருவத்துக்கு மாநில அரசு வெளியிட்ட அறிவிக்கையைத் தேடி எடுத்து, அவருடைய வருவாய்க் கிராமத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தார். ஊர்ப் பெயர் வேறு, வருவாய்க் கிராமத்தின் பெயர் வேறாக இருந்ததால் அதற்கே நேரம் பிடித்தது. காப்பீட்டுத் தொகையில் சம்பாவுக்கு 1.5 விழுக்காடு விவசாயி கட்ட வேண்டும், குறுவைக்கு என்றால் 2 விழுக்காடு என்பதையும், இழப்பு தனித்தனி வயலுக்கு அல்லாமல் பயிர் அறுவடைப் பரிசோதனையின் வழியாக அந்தப் பகுதி முழுவதற்கும் கணக்கிடப்படுகிறது என்பதையும் விளக்கினார். “நடப்புப் பசலிக்கான அடங்கல்னு கேளுங்கய்யா, போன வருஷத்தது செல்லாது” என்றும் சொன்னார். வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலை முதல் தேதி பிறக்கிறது, அது பிறக்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் பசலி எண் வரும், 2024 ஜூலையில் பிறந்தது 1434ஆம் பசலி என்பதெல்லாம் டெல்டாவில் நூலகராக இருப்பவர் கைவிரல் நுனியில் வைத்திருக்க வேண்டிய செய்திகள்.

முடிவில் ஒரு துண்டுத் தாளில் அறிவிக்கையின் எண், தேதி, குத்தகைதாரரைப் பற்றிய பத்தி எந்தப் பக்கத்தில் இருக்கிறது, தாம் பார்த்த நாள் ஆகியவற்றை எழுதி, அந்தப் பக்கத்தையும் அச்செடுத்துக் கொடுத்தார். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குத் தொலைபேசியில் பேசி, காப்பீட்டைக் கவனிக்கும் அலுவலர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுச் சொன்னார். குத்தகையைப் பதிவு செய்வதற்கென்றே 1969இல் இயற்றிய தமிழ்நாடு வேளாண்மை நிலக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இருப்பதையும் தெரிவித்தார். அதில் தமக்கு என்ன கிடைக்கும் என்று பெரியவர் கேட்டபோது, “அதை நான் சொல்லக் கூடாதுங்கய்யா, வக்கீல்தான் சொல்லணும். கோர்ட்ல வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கு, அங்க இலவசமாவே கேக்கலாம்” என்றார்.

இதில் தரம் என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதை விளக்க வேண்டும். விடை சரியாக இருந்தது என்பது ஒரு பகுதி மட்டுமே. அலுவலகத்தில் எடுத்து நீட்டக்கூடிய ஆதாரமாக அந்த விடை அவர் கையில் போய்ச் சேர்ந்தது என்பதுதான் பெரிய பகுதி. ‘குத்தகைக்காரனுக்கும் உண்டாம்’ என்று டீக்கடையிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். அதைக் கொண்டுபோய் எந்த அலுவலரிடமும் பேச முடியாது. எண்ணும் தேதியும் பக்கமும் கையில் இருந்தால், குத்தகைக்காரருக்குக் கிடையாது என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவது கடினம். அரசு பற்றிய கேள்விக்கு நூலகர் தரும் எந்த விடையோடும் இந்த மூன்றும் சேர்ந்து போக வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

தேதிக்கு ஏன் இவ்வளவு முதன்மை தருகிறேன் என்று கேட்கலாம். காவிரியையே எடுத்துக்கொள்வோம். ‘காவிரியில் நமக்கு எத்தனை டி.எம்.சி.?’ என்று பள்ளி மாணவி ஒருத்தி வந்து கேட்டால், அலமாரியில் எந்தப் புத்தகம் கைக்கு அகப்படுகிறதோ அதற்கேற்ப வேறு வேறு விடை கிடைக்கும். 1990இல் அமைந்த நடுவர் மன்றம் 1991 ஜூனில் தந்த இடைக்கால ஆணையில் 205 டி.எம்.சி. 2007 பிப்ரவரி 5ஆம் தேதி இறுதித் தீர்ப்பில் தமிழ்நாட்டின் மொத்தப் பங்கு 419, அதில் கர்நாடகம் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளந்து விட வேண்டியது 192. அந்தத் தீர்ப்பு ஒன்றிய அரசிதழில் வெளியானது 2013 பிப்ரவரியில்தான். 2018 பிப்ரவரி 16ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 14.75 டி.எம்.சி.யைக் குறைத்ததால், விட வேண்டியது 177.25 ஆகவும் மொத்தப் பங்கு 404.25 ஆகவும் ஆயின. இந்த ஐந்து எண்களில் எதுவும் தவறு இல்லை. எந்த ஆண்டு, எந்த ஆணை, மொத்தப் பங்கா அல்லது மாநில எல்லையில் வர வேண்டிய நீரா என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தால் ஐந்துமே தவறாகிவிடும். 2018க்குப் பிந்தைய கணக்கிலும், ஆண்டு மொத்தம் விவசாயிக்குப் பயன்படாது. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று மாத வாரியாகப் பிரித்த அட்டவணைதான் நாற்றங்கால் போடுகிறவருக்கு வேண்டியது. நல்ல நூலகர் அட்டவணையை எடுத்துக் காட்டுவார்.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காடு வரை என்பது வழக்கமான விதி. அறுவடைக் காலத்தில் மழை பிடித்துக்கொண்ட ஆண்டுகளில் அந்த வரம்பை ஒன்றிய அரசு தற்காலிகமாகத் தளர்த்தி ஆணை பிறப்பித்ததுண்டு. பழைய துண்டறிக்கையைப் பார்த்து 17 என்று சொல்லும் நூலகரும், போன ஆண்டுத் தளர்வை நினைவில் வைத்துக்கொண்டு அதற்கு மேற்பட்ட எண்ணைச் சொல்லும் நூலகரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். களத்தில் நெல்லைக் குவித்து வைத்திருப்பவருக்கு அதனால் வரும் இழப்பு சிறியதல்ல.

டெல்டாவுக்கே உரிய இன்னொரு சிக்கல், மாவட்ட எல்லைகள் மாறிக்கொண்டே வந்திருப்பது. ஒன்றாக இருந்த தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997 ஜனவரி முதல் தேதி திருவாரூர் தனி மாவட்டமானது. 2020 டிசம்பர் 28ஆம் தேதி மயிலாடுதுறை உருவானது. ஆகவே சீர்காழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் மக்கள்தொகையைக் கேட்டு வருபவருக்கு 2011 கணக்கெடுப்பின் நாகப்பட்டினம் மாவட்டக் கையேட்டைத்தான் எடுத்துத் தர வேண்டும். மயிலாடுதுறை என்று தேடினால் கிடைக்காது. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் கிராம வாரியான எண்ணிக்கைக்கு 2011ஐத்தான் நாட வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கும் முந்தைய செய்தி வேண்டுமென்றால் ஹெமிங்வே தொகுத்த 1906ஆம் ஆண்டுத் தஞ்சாவூர் கெசட்டியருக்குப் போக வேண்டியிருக்கும். பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020 பிப்ரவரியில் நிறைவேறியபோது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களையும் குறிப்பிட்டது. மயிலாடுதுறை மாவட்டம் அப்போது பிறக்கவே இல்லை. ‘எங்க ஊரு அந்த மண்டலத்துல வருதா?’ என்று அங்கிருந்து ஒருவர் கேட்டால், மூலச் சட்டத்தின் நகலை மட்டும் கொடுத்து அனுப்புவது போதாது. அதன்பின் வந்த திருத்தங்களையும் தேடி, இன்ன தேதி வரை பார்த்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்ப வேண்டும்.

இத்தகைய கேள்விகளுக்கு நூலகங்கள் எவ்வளவு சரியாக விடை தருகின்றன என்பதை அமெரிக்காவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆய்வாளர் என்று காட்டிக்கொள்ளாமல், சாதாரண வாசகரைப்போல ஆட்களை அனுப்பியும் தொலைபேசியில் பேசியும், விடை முன்பே தெரிந்த கேள்விகளைக் கேட்கச் செய்வது அவர்கள் முறை. சார்லஸ் மெக்லூரும் பீட்டர் ஹெர்னனும், அரசு வெளியீடுகளைப் பெற்று வைத்திருப்பதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி நூலகங்களில் இப்படிச் சோதித்து 1983இல் வெளியிட்ட ஆய்வில், 37 விழுக்காடு கேள்விகளுக்கே சரியான விடை கிடைத்தது. பொதுவான கேள்விகளையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து, பாதிக்குச் சற்றே கூடுதலாக 55 விழுக்காடு என்ற கணக்கை 1986இல் அவர்கள் முன்வைத்தபோது அங்கே நூலகர்களிடையே பெரிய விவாதம் எழுந்தது. சரி, தவறு என்று மட்டும் எண்ணுவது போதாது, அதே நூலகரிடம் திரும்பவும் கேட்கப் போவீர்களா என்று வாசகரிடம் கேட்க வேண்டும் என்று ஜோன் டுரன்ஸ் 1989இல் எழுதினார். ஏராளமான வெளியீடுகளும் பயிற்சி பெற்ற பணியாளர்களும் உள்ள நூலகங்களிலேயே நிலைமை அப்படி இருந்தது. அதை வைத்துக்கொண்டு நம் கிளை நூலகரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. அளந்து பார்க்கும் துணிவு மட்டும் நமக்கும் வேண்டும் என்கிறேன். எந்த நூலகர் தவறினார் என்று பெயர் குறிக்காமல், எந்த வகைக் கேள்வியில் எல்லோருமே தவறுகிறோம் என்று கண்டுபிடிப்பதற்காக மாவட்ட மைய நூலகம் ஒன்று இதைச் செய்யுமானால், அடுத்த பயிற்சி வகுப்பில் என்ன கற்பிக்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். டுரன்ஸின் கேள்விக்கு மட்டும் என்னிடம் ஒரு விடை உண்டு. அந்தப் பெரியவரை அதற்குப் பின்னும் அந்த நூலகத்தில் பார்த்திருக்கிறேன். தம் தெருக்காரர்களையும் அழைத்து வருகிறார்.

வேறு இடத்துக்கு அனுப்புவதே தவறு என்று நான் சொல்லவில்லை. எல்லா விடையும் நூலகத்தில் இருக்காது. ஆனால் அனுப்புவதிலும் தரம் உண்டு. ‘தாலுகா ஆபீஸ்ல கேளுங்க’ என்பதற்கும், ‘தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் பிரிவுக்குப் போங்கள், உதவித்தொகை ஆணையின் நகலை எடுத்துக்கொண்டு போங்கள்’ என்பதற்கும் உள்ள தொலைவு, வெயிலில் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு அலையும் மூதாட்டிக்குத்தான் தெரியும்.

அலுவலகமே விடை சொல்ல மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005 அக்டோபர் 12ஆம் தேதி முழுமையாக நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் அதையும் கட்ட வேண்டியதில்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றிவிட வேண்டும். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். இதையெல்லாம் ஒரு நூலகர் பத்து நிமிடத்தில் விளக்கி, விண்ணப்பத்தின் மாதிரியையும் தரலாம். அதே சட்டத்தின் நான்காவது பிரிவு, யாரும் கேட்பதற்கு முன்பே ஒவ்வொரு அலுவலகமும் தன்னைப் பற்றி வெளியிட்டு வைக்க வேண்டிய விவரங்களைப் பட்டியலிடுகிறது. மக்கள் தகவல் பெறுவதற்கு என்னென்ன வசதிகள் உள்ளன, பொதுப் பயன்பாட்டுக்கு நூலகமோ படிப்பகமோ இருந்தால் அதன் வேலை நேரம் என்ன என்பதும் அந்தப் பட்டியலில் ஓர் இனம். அரசுத் தகவலுக்கும் நூலகத்துக்கும் உள்ள தொடர்பை நாடாளுமன்றமே சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது. அந்த வெளியீடுகளின் ஒரு படியைத் தாலுகா அலுவலகங்கள் கிளை நூலகத்துக்கு அனுப்பி வைத்தால் போதும், பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே விடை கிடைக்கும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

மழை மாலையில் அந்தப் பெரியவர் சுற்றும்முற்றும் பார்த்தார் என்று எழுதினேனே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சிறிய ஊர் நூலகத்தில் நாளிதழ் மேசையில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? நிலத்துக்காரரின் மைத்துனர் இருப்பார், சங்கத்துச் செயலாளரின் தம்பி இருப்பார். குத்தகை உரிமை, குடியிருப்பு மனை, கூலி ஆகியவை நம் பகுதியில் உயிரைப் பறித்த விவகாரங்கள். 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் கூலித் தொழிலாளர் குடும்பத்தினர் குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டதை அறியாதவர் இங்கே இல்லை. 1969இல் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம், 1971இல் குடியிருப்பு மனையை அங்கே குடியிருப்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் என்று அடுத்தடுத்து வந்தன. அந்தச் சட்டங்களில் தமக்கு என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்க வரும்போது, கேள்வியை உரக்கத் திருப்பிச் சொல்லி, “குத்தகைச் சட்டமா கேக்குறீங்க?” என்று அறை முழுவதற்கும் கேட்கும்படி நூலகர் பேசினால், அவர் மறுநாள் வர மாட்டார். அவரை மூலைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்த அந்தப் பெண்ணின் செயலை எந்தப் பயிற்சிக் கையேடும் சொல்லித் தந்திருக்காது. விடையின் தரத்தை அளப்பவர்கள் இதையும் அளக்க வேண்டும்.

செலவைப் பற்றிப் பேசும்போது, இந்தச் சேவைக்கு மக்கள் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்ந்து போகிறது. ஓட்டு வீட்டுக்காரரும் அதைக் கட்டுகிறார். உள்ளாட்சிகள் வசூலித்த தொகை நூலக ஆணைக்குழுவுக்கு உரிய காலத்தில் போய்ச் சேர வேண்டும், அதில் ஒரு பங்கு குறிப்புதவிப் பணிக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். ஊர்ப்புற நூலகங்களில் ஒருவரே பதிவேடு எழுதி, புத்தகம் அடுக்கி, பெருக்கவும் செய்கிறார். அவரிடம் அரசாணையைத் தேடச் சொல்வதற்கு முன்னால், கெடாத கம்ப்யூட்டரும் அறுந்துபோகாத இணைய இணைப்பும், சந்தேகம் வந்தால் உடனே கேட்பதற்கு மாவட்ட மைய நூலகத்தில் ஒரு பொறுப்பாளரும் வேண்டும். அரசுத் தளங்களில் பல ஆணைகள் வெறும் படமாக ஏற்றப்பட்டிருப்பதால் சொல்லைத் தட்டித் தேடினால் அகப்படுவதில்லை. எண்ணும் துறையும் தேதியும் தெரிந்தவர்தான் எடுக்க முடியும். ஒரு முறை ஒருவர் தேடிக் கண்டதை மாவட்டத்தின் எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பி வைக்க ஓர் ஏற்பாடு இருந்தால், அதே அறிவிக்கையை ஐம்பது நூலகர்கள் ஐம்பது முறை தேட வேண்டியதில்லை.

அதுவரை ஒவ்வொரு கிளையிலும் ஒரு கோப்பு தொடங்கலாம். அந்தப் பருவத்துப் பயிர்க் காப்பீட்டு அறிவிக்கை, வருவாய்க் கிராமப் பட்டியல், கொள்முதல் விலையும் ஈரப்பத வரம்பும் கண்ட சுற்றறிக்கை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் தமிழ் வடிவம், வட்டத்தில் உள்ள பொதுத் தகவல் அலுவலர்களின் பதவிப் பெயர்களும் முகவரிகளும் ஆகியவை அதில் இருந்தால் போதும். ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் எடுத்த தேதியை எழுதி வைக்க வேண்டும். அடுத்த பருவத்துக்குப் புதியது வந்ததும் பழையதை எடைக்குப் போட்டுவிடக் கூடாது. காப்பீட்டுத் தொகை வரவில்லை என்ற தகராறு இரண்டு ஆண்டு கழித்துத்தான் நுகர்வோர் ஆணையத்துக்கு வந்து நிற்கும். அப்போது வேண்டியது அந்தப் பழைய பருவத்தின் அறிவிக்கை. அதற்குள் இணையதளத்தில் புதியது ஏறி, பழையது இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும்.